பாரம் நீங்கிய உடம்பு

உடம்பின் பாரம் முழுவதும் நீங்கிவிடின் அதனினும் பெரிய சுகம் வேறுண்டோ என்று மாணவர் ஒருவர் என்னை வினவினார். விண்கலத்தினுள் வீரர் மிதந்து திரியும் காட்சியைக் கண்டோர்க்கு இவ்வினா எழுதல் இயல்பே.

விடை காணப் புகுமுன், தமிழாசிரியனாகிய யான் ஒரு சொல்லைத் திருத்த விரும்புகின்றேன். விண்வெளியில் 'ஈர்ப்பு இல்லை' எனப் பலரும் எழுதுகின்றனர். அது பொருந்தாது. அனைத்துலக விண்வெளி நிலையம் சுழலும் 400 கிலோமீற்றர் உயரத்திலும் புவியீர்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே வீழ்ந்தவண்ணம் புவியைச் சுற்றிவருதலின், கால்கள் சுமக்க வேண்டிய எடை இல்லை. ஆகவே 'எடையின்மை' என்பதே தக்க சொல்லாம்.

சுமக்க எடை இல்லாதபோது, சுமக்கும் உறுப்புக்களை உடம்பு பேணாது விடுகின்றது. தக்க பயிற்சி இன்றேல் இடுப்பு, தொடை முதலிய என்புகள் மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 வரை அடர்த்தி குன்றுகின்றன. அவற்றினின்று நீங்கிய கல்சியம் சிறுநீரகத்தை அடைதலால், ஆங்குக் கல் உண்டாகும் அபாயம் மிகுகின்றது. கால், முதுகுத் தசைகள் மெலிகின்றன. உடலின் நீர்ப்பொருள் தலையை நோக்கிப் பெயர்தலின் முகம் வீங்குகின்றது. சிலர்க்குக் கண்ணின் பின்புறம் வீங்கிப் பார்வையும் மாறுகின்றது.

1970ஆம் ஆண்டு சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள் இருந்து மீண்ட நிக்கலாயெவ், செவஸ்தியானொவ் என்னும் சோவியத் வீரர் இருவரும் பிறர் துணையின்றி நிற்கவும் இடர்ப்பட்டனர். மிர் நிலையத்தில் 437 நாள் வாழ்ந்து 1995 மார்ச்சில் மீண்ட ருஷ்ய வைத்தியர் வலேரி பொலியாக்கோவோ, கலத்தினின்று இறங்கி அருகிலிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து சென்றார். இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? நீங்கிய பாரத்தை உடம்பின்மீது நாள்தோறும் மீளச் சுமத்தல் வேண்டும் என்பதை அவ்விடைக்காலத்தில் அறிஞர் கற்றனர். இன்று நிலையத்தில் உள்ளோர், ஓடுபொறியில் தம்மை வாரினாற் பிணித்து ஓடியும், எதிர்விசைப் பொறிகளை இழுத்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பயில்கின்றனர்.

எனினும் பயிற்சி அனைத்தையும் காப்பதன்று. 2015 - 2016இல் 340 நாள் அங்கிருந்த அமெரிக்கர் ஸ்கொட் கெலி ஒழுங்காகப் பயின்றும், அவர் இதயத்தின் நிறை குறைந்தமை 2021இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. அதன் தொழில் கெடவில்லை என்பது ஆறுதல். கண்ணுக்கு நேரும் கேட்டையும், கதிர்வீச்சின் தீங்கையும் பயிற்சியால் தடுத்தல் இயலாது.

செவ்வாய்க்குச் செல்ல ஒருவழிப் பயணமே ஆறு மாதத்திற்கு மேலாகும் என்பர். நிக்கலாயெவைத் தாங்கிக்கொள்ளப் புவியில் ஆட்கள் காத்திருந்தனர். செவ்வாயில் இறங்குவோரைத் தாங்க அங்கே ஒருவரும் இலர். கதவைத் திறந்து அவர் தம் காலாலேயே நிற்றல் வேண்டும்.