கோமாளி மீனின் சொந்த வீடு

கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த நம்மவருள், ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் கலிஃப் தெருச் சந்தையைச் சுற்றிப் பார்க்காதவர் குறைவு. புறாக்களுக்கும் பூஞ்செடிகளுக்கும் நடுவே, நீர் நிறைந்த பைகளில் வண்ண மீன்கள் தொங்கும். அவற்றுள் பெரும்பாலானவை நன்னீர் மீன்கள். பவளக் கடலின் மீன்களைக் காண வேண்டுமாயின், உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களையோ காட்சிசாலைகளையோ நாட வேண்டும். அப்படி ஓர் ஓட்டலின் முன்கூடத்தில்தான் நான் முதன்முதலாகக் கோமாளி மீனைக் கண்டேன். செம்மஞ்சள் உடல், மூன்று வெள்ளைப் பட்டைகள், பட்டைகளுக்குக் கறுப்புக் கரை. 2003-இல் வந்த 'நீமோ' படத்தால் உலகப் புகழ் பெற்ற அதே மீன். ஒற்றையாய், கண்ணாடியின் ஒரு மூலையில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. "அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் இதற்கு என்ன வேலை?" என்று கேட்டார் உடன் வந்த நண்பர். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

விடை அந்தமானில் கிடைத்தது. டிசம்பர் விடுமுறையில் மூவர் சேர்ந்து கப்பலேறினோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் வண்டூர் இருக்கிறது. 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்கு அதுவே வாயில். அங்கிருந்து படகில் ஜாலிபாய் என்னும் தீவுக்குப் போனோம். முதலில் அடிப்பாகம் கண்ணாடியாலான படகு; பிறகு முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நீரில் குப்புற மிதத்தல். நீந்தத் தெரியாத என் நண்பரும் மிதந்தார்!

வழிகாட்டி விரல் நீட்டிய இடத்தில், பாறையின் மேல் ஒரு கடற்சாமந்தி. பெயர் பூவினுடையது, ஆனால் அது ஒரு பிராணி. நூற்றுக்கணக்கான மெல்லிய விரல்கள் அலையோடு சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு விரலிலும் நஞ்சூட்டும் நுண்ணிய கொடுக்குகள் உண்டு. சிறு மீன் பட்டால் தப்பாது. அந்த விரல்களின் நடுவிலிருந்துதான் கோமாளி மீன் தலை நீட்டிற்று. ஒன்றன்று, நான்கு. எங்களை நோக்கி ஒரு முழம் முன்னே வந்து, முறைத்துவிட்டு, மீண்டும் உள்ளே புகுந்தது பெரிய மீன். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தப் பிராணி எங்கள் மூவரையும் விரட்ட வந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அதன் வேலை அதுதான்: காவல். கடற்சாமந்தியின் விரல்களைக் கடித்துத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் உண்டு. அவற்றைக் கோமாளி மீன் துரத்துகிறது. அதன் கழிவு கடற்சாமந்திக்கு உரமாகிறது. கூலியாக, பகைவர் நுழைய அஞ்சும் கோட்டை கிடைக்கிறது. உடலின் மேலுள்ள வழுவழுப்பான பூச்சு நஞ்சிலிருந்து காக்கிறது. இந்த நட்பைத் தென்சீனக் கடலில் கண்டு 1868-இல் எழுதியவர் கத்பர்ட் காலிங்வுட் என்ற ஆங்கிலேய இயற்கையாளர்.

அதைவிட விந்தை அந்த வீட்டின் குடும்ப முறை. ஒரு கடற்சாமந்தியில் ஒரே ஒரு பெண்தான் இருக்கும்; உள்ளவற்றுள் பெரியது அது. அடுத்த பருமனுள்ளது அதன் கணவன். மற்றவை இனம் பெருக்கும் உரிமையற்ற சிறியவை, வரிசையில் காத்திருப்பவை. பெண் இறந்தால் என்ன ஆகும்? கணவன் பெண்ணாக மாறிவிடும்! வரிசையில் அடுத்தது வளர்ந்து கணவனாகும். முட்டைகளுக்கு விசிறி வீசிக் காப்பது பெரும்பாலும் தந்தையே. குஞ்சுகள் கடலில் சில நாட்கள் மிதந்து அலைந்தபின் திட்டுக்குத் திரும்புகின்றன. அவற்றுள் சில, பிறந்த திட்டையே வந்தடைகின்றன என்பது பாப்புவா நியூகினியின் கிம்பே வளைகுடாவில் செய்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

இப்போது ஓட்டல் தொட்டியை எண்ணிப் பாருங்கள். அங்கே நிறம் இருந்தது. காவல் இல்லை, வரிசை இல்லை, பகைவனும் இல்லை. வேலை இழந்த காவலாளியின் சீருடையைத்தான் நாங்கள் வியந்திருக்கிறோம்.

துப்புரவு மீனின் கதையும் இப்படியே. நீல உடலில் கருங்கோடு ஓடும் விரல் நீள மீன். திட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது கடை விரித்திருக்கும். பெரிய களவா மீன் ஒன்று வந்து வாயைத் திறந்து நின்றது. இந்தச் சிறுமீன் அச்சமின்றி வாய்க்குள் நுழைந்து செவுள் வழியே வெளியேறியது! மற்ற மீன்களின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளே அதன் உணவு. சில சமயம் ஒட்டுண்ணியை விட்டுவிட்டு வாடிக்கையாளரின் மேற்பூச்சையே கடித்துத் திருடும். கடிபட்ட மீன் துள்ளும், அல்லது வேறு கடைக்குப் போய்விடும். நம் ஊர் முடிதிருத்தகத்தையும் மளிகைக் கடையையும் ஒருங்கே கண்டதுபோல் இருந்தது. நாலைந்து மீன்களே உள்ள தொட்டியில் இதற்கு வாடிக்கையாளர் ஏது? பெரும்பாலும் இரை போதாமல் மெலிந்து மடிகிறது. இதை வாங்கவே கூடாது என்பது என் துணிவு.

ஆயினும் தொட்டியை முற்றும் பழிப்பது என் நோக்கம் அன்று. எட்கார் தர்ஸ்டனின் முயற்சியால் சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறந்த கடல்மீன் காட்சிசாலை, இரண்டாம் உலகப் போரில் மூடப்படும்வரை, கடலுக்குள் இறங்க வழியில்லாதவர்களுக்கு அதைக் காட்டியது. கோமாளி மீன் தொட்டியிலே முட்டையிட்டுப் பெருகக் கூடியது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு முறை வகுத்திருக்கிறார்கள். அவ்வாறு வளர்த்த மீனை வாங்குவதில் குற்றமில்லை. திட்டிலிருந்து பிடிப்பதுதான் கேடு. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால், அந்த வீட்டின் ஒரே பெண்ணைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். அடுத்த பெண் தயாராகும்வரை அங்கே முட்டை இல்லை; காவல் குறைந்த கடற்சாமந்திக்கும் ஆபத்து.

பிடிப்பவர் கையைவிடப் பெரிய ஆபத்து நீரின் வெப்பம். பவளத்தின் உடலிலும் கடற்சாமந்தியின் உடலிலும் நுண்பாசிகள் குடியிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. கோடை உச்சத்தின் வழக்கமான வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் போதும். பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துப்போகும். வெப்பம் தணியாவிடில் இறக்கும். 1998-லும் 2010-லும் அந்தமான் திட்டுகள் இவ்வாறு பெருமளவில் வெளுத்தன. பசிபிக்கில் மூரியா தீவில் கடற்சாமந்திகள் வெளுத்தபோது, அவற்றில் வாழ்ந்த கோமாளி மீன்களின் இனப்பெருக்கம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது என 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வீடு நோயுற்றால் குடும்பமும் நலிகிறது. ஜாலிபாயில் நாங்கள் கண்டவற்றிலும் பாதி உயிருள்ள பவளம். மீதி சாம்பல் நிறச் சிதைவு. வழிகாட்டி அதைக் காட்டும்போது பேசவில்லை, கையை மட்டும் அசைத்தார்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஜாலிபாயும் ரெட்ஸ்கின் தீவும் ஆண்டில் மாறி மாறித் திறக்கப்படுகின்றன. எது திறந்திருக்கிறது என்று முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஞெகிழிப் பைகளைத் தீவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். களைத்தால் பவளத்தின்மேல் கால் ஊன்றாதீர்கள். மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுக்கலாகாது. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. என் நண்பர் சட்டைப்பையில் போட்ட ஒரு சிறு துண்டைப் படகுத்துறையிலேயே திரும்பப் போடச் சொன்னார்கள். அவர் முகம் சற்று வாடியது; கப்பலில் நான்கு நாளும் அதைப் பற்றியே பேசினார்.