கட்டிக்குக் கடிவாளம் போடும் குட்டி ஆர்.என்.ஏ

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்துகளே கொண்ட குட்டி மரபுத் துணுக்கு. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. பிற மரபணுக்கள் அனுப்பும் தூது ஆர்.என்.ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் புரத உற்பத்தியைக் குறைப்பதே அதன் வேலை. முதலில் நீண்ட இழையாக உருவாகும் அதை ட்ரோஷா, டைசர் ஆகிய நொதிகள் அடுத்தடுத்து வெட்டிச் சிறிதாக்குகின்றன. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பு 2002இல் வெளிப்பட்டது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அங்கே கட்டியை அடக்கும் புரத மரபணு இருந்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடியும் உருப்படியாக எதுவும் சிக்கவில்லை. கார்லோ குரோச்சே, ஜார்ஜ் கேலின் குழு அந்த இடத்தில் கண்டது மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரு மைக்ரோ ஆர்.என்.ஏக்களை. செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தை இவை கட்டுப்படுத்துகின்றன என்பது 2005இல் தெரிந்தது. இவை இல்லாவிட்டால், மடிய வேண்டிய செல் மடியாமல் பெருகுகிறது.

இதேபோல், நுரையீரலில் ராஸ் என்னும் வளர்ச்சி மரபணுவை லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ அடக்குகிறது. செல்லின் காவலனான பி53 புரதம், மிர்-34ஐத் தூண்டிவிட்டும் செல் பெருக்கத்தை நிறுத்துகிறது.

ஆனால் எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏவும் நல்லபிள்ளை அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அருண் குமார் குழு 2013இல் வெளியிட்ட வாய்ப் புற்றுநோய் ஆய்வு இதற்குச் சான்று. கட்டியை அடக்கும் சிடிசி73 மரபணு இந்நோயில் ஒடுங்கிக் கிடந்தது. அதற்கு மரபணுப் பிழைகள் பெரிய காரணமாகத் தெரியவில்லை. சில நோயாளிகளின் மாதிரிகளில் மிர்-155 அளவுமீறிப் பெருகி அதை அமுக்கியிருந்தது. அந்த மிர்-155ஐத் தடுக்கும் மூலக்கூறைச் செலுத்தியதும் எலிகளில் கட்டி சுருங்கியது. ஒரே பொறிமுறை, எந்த மரபணுவின் மேல் கைவைக்கிறது என்பதைப் பொறுத்து காவலாகவும் கேடாகவும் அமைகிறது.

இந்த ஆய்வு குந்தாரப்பள்ளி போன்ற ஊர்களுக்கு அந்நியமானதல்ல. மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயின் முக்கியக் காரணம். தமிழகத்தில் குட்கா 2013இல் தடைசெய்யப்பட்ட பிறகும், பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் நெடுஞ்சாலையில் கடத்தல் மூட்டைகள் பிடிபடுவது வாடிக்கையாகிவிட்டது. அந்தச் சாலையோரத்து ஊர்தான் குந்தாரப்பள்ளி. ஹான்ஸ் போன்ற புகையிலையை உதட்டுக்கடியில் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால், அதன் நச்சு அதே இடத்துச் செல்களைத் தொடர்ந்து தாக்குகிறது.

ஆய்வகத்தில் பலித்தது மருந்தாக மாறுவது எளிதல்ல. மிர்-34ஐப் போலச் செயல்படும் எம்.ஆர்.எக்ஸ்34 மருந்தின் மனிதச் சோதனை 2013இல் தொடங்கியது. கடுமையான நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் 4 பேர் இறந்ததையடுத்து 2016இல் நிறுத்தப்பட்டது. துணுக்கைக் கட்டிக்குள் மட்டும் சேர்ப்பது இன்றும் பெரும் சிக்கல். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுவது அதைவிடப் பெரிய சிக்கல்.

ஆகவே, மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமலிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.