பதிவேட்டில் அகப்படாத பாட்டி

சிங்கப்பூரின் தேக்காவில் வாழ்ந்து மறைந்த பாட்டனாரின் விவாகம் எந்த வருஷம் நடந்தது என்று அறிய விரும்பும் பேரன் முதலில் செய்யும் காரியம், திருமணப் பதிவகத்தில் தேடிப் பார்க்கும்படி விண்ணப்பிப்பது. பெயர் அகப்படவில்லை என்ற பதில் வந்ததும் செய்யும் இரண்டாவது காரியம், பாட்டியைப் பற்றி மனத்துக்குள் ஒரு சந்தேகத்தை வளர்த்துக்கொள்வது. முதலாவது நியாயம்; இரண்டாவது, பாட்டிக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் செய்யும் அநியாயம்.

முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கி, விவாகப் பதிவையும் கட்டாயமாக்கிய மாதர் சாசனம் சிங்கப்பூரில் அமலுக்கு வந்தது 1961 செப்டம்பர் 15ஆம் தேதி. முஸ்லிம்களின் விவாகத்துக்கு 1880லேயே தனிச் சட்டம் இருந்தது. சிவில் விவாகச் சட்டம் 1940இல் வந்தும் விரும்பினவர்களே அதை நாடினார்கள். மற்றபடி, 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டவர்களும், 1929இல் பெரியார் வந்து சென்றபின் புரோகிதரின்றிச் சீர்திருத்த மணம் புரிந்தவர்களும், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் ஊரிலேயே தாலி கட்டித் திரும்பியவர்களுமாக நம் முன்னோரில் அநேகர் அரசாங்கக் குமாஸ்தாவின் பேனா முனையில் அகப்படாமலே இல்லறம் நடத்தினார்கள். ஊர்க் கல்யாணத்துக்கோ, தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009இல்தான் பிறந்தது. ஆகையினாலேயே, அந்தச் செப்டம்பர் தேதிக்கு முன்னர் மதாசாரப்படியோ வழக்கப்படியோ செல்லத்தக்கதாக நடந்த விவாகம் பதியப்பட்டதாகவே கருதப்படும் என்று மாதர் சாசனமே கூறிவிட்டது.

பதிவு கிடைத்துவிட்டாலும் அதை அப்படியே வேதவாக்காகக் கொள்ளலாகாது. குமாஸ்தா கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டு எழுதியது வேறு. தேதி, இடம், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவை அவன் கண்டவை. வயது, தகப்பனார் பெயர், மணமாகாதவன் என்ற குறிப்பு ஆகியவை அவன் கேட்டவை. ஊரில் ஒரு மனைவியும் இங்கே ஒரு மனைவியும் வைத்திருப்பது இந்துக்களுக்கு 1961 வரை இந்நாட்டில் குற்றமன்று. ஆயினும் அதை வாய்விட்டுச் சொல்ல எவன் துணிவான்? பெயரோ, ஆங்கில எழுத்தில் மூன்று தஸ்தாவேஜுகளில் மூன்று விதமாக நின்று, ஒரே மனிதனை மூவராக்கிவிடும். ஜப்பானியர் கால ஆவணத்தில் 2602 என்று கண்டால் மிரளவேண்டாம்; அது 1942.

நம்முடைய முகூர்த்தப் பத்திரிகையும் ஏமாற்ற வல்லதே. பிரபவ வருஷம் தை மாதம் என்று அச்சிட்டிருப்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து 1927 என்று குறித்துக்கொள்வார்கள்; வருஷம் சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை, ஆங்கிலக் கணக்கில் 1928 ஜனவரியில் தொடங்குகிறது. அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், 1868ஐயும் 1988ஐயும் பிரித்தறிய அச்சகத்தின் பெயரையும் காகிதத்தின் பழுப்பையும்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டும்.

வம்சாவளி ஆர்வம் ஒருபுறமிருக்க, இதில் உரிமையும் அடங்கியிருக்கிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலெழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்குமிடத்து, சொத்தில் பாதி மனைவிக்கும் மறு பாதி பிள்ளைகளுக்கும் சேரும். விவாகமே இல்லை என்று பங்காளி ஒருவர் வழக்காடினால் அந்தப் பாதி அந்தரத்தில் தொங்கும். அப்போது கோயில் ரசீது, கல்யாணப் படம், பழைய தமிழ் முரசில் வெளியான மண அறிவிப்பு, விருந்துண்டவரின் சத்தியப் பிரமாணம் முதலியவை யாவும் சாட்சியமாகும். நெடுங்காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். பழைய முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பில் புரட்டலாம். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம். பணம் வாங்கிக்கொண்டு பழைய சான்றிதழை உண்டாக்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்; பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம். மூலப் பத்திரத்தில் எழுத்துப் பிழை கண்டாலும் அதைத் திருத்தக் கை வைக்காதீர்கள். பிழையோடு கூடிய மூலமே சாட்சி.

வீட்டில் எண்பதைக் கடந்தவர் எவரேனும் இருப்பின், வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணப் படத்தை அவர் மடியில் வைத்து, மணமக்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு, படத்தின் முதுகில் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்; மை மறுபுறம் ஊறிவிடும்.