'இளைய நிலா'வுக்கு கிடார் வாசித்தது யாரு?

சேலம்:
ஆடி மாசம் பிறந்தால் போதும், சேலம் அஸ்தம்பட்டி பக்கம் மாரியம்மன் கோவில் திருவிழா, பாட்டு கச்சேரி என்று களைகட்டும். மேடையில் கிடார்காரரை பார்த்து விட்டால் கூட்டத்தில் ஒரே குரல் தான். "அண்ணே, இளைய நிலா போடுங்க!"

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு அது. அவர் வாய் திறக்கும் முன்பே கிடார் பேச ஆரம்பித்து விடும். வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். பாடியவர் பெயர் சின்ன குழந்தைக்கும் தெரியும். வாசித்தவர் பெயர் பலருக்கு தெரியாது.

லீடு என்றால் என்ன?

கச்சேரியில் கிடாருக்கு 2 வேலை. பாடகருக்கு பின்னால் தாளத்தோடு கூடவே போவது ரிதம். பாட்டு நிற்கும் இடத்தில் ஒவ்வொரு தந்தியாக மீட்டி தனியாக வாசிப்பது லீடு. அமெரிக்க ஜாஸ் மேடைகளில் டிரம்பெட் சத்தத்துக்கு நடுவே கிடார் காதிலேயே விழாத காலம் இருந்தது. 1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் மின்சார கிடாரில் தனியாக வாசித்து அதை மாற்றி காட்டினார். நம்ம இளையராஜாவும் சலில் சவுத்ரியிடம் கிடார் வாசித்தவர் தான்.

இப்போது பல மேடைகளில் 'டிராக்' ஓடுகிறது, பாடகர் மட்டும் பாடுகிறார். செலவு மிச்சம். ஆனால் கிடார்காரரின் அன்றைய சம்பளம் போச்சு. அடுத்த கச்சேரியில் பாடகருக்கு கை தட்டும்போது, ஓரத்தில் நிற்கும் கிடார்காரருக்கும் சேர்த்து தட்டலாமே!