கார்களில் டயர், சாலை இரைச்சலைக் கண்டறிதல்

டயர்-சாலை இரைச்சல் என்பது ஓடும் காரின் டயர்கள் சாலைப்பரப்பில் மோதி, உரசி, இடையிலுள்ள காற்றை நெருக்கித் தள்ளும்போது எழும் ஒலிகளின் தொகுப்பு ஆகும். சீரான வேகத்தில் செல்லும் இன்றைய கார்களில், மணிக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் எஞ்சின் ஒலியைவிட இதுவே ஓங்கி நிற்கிறது. எஞ்சின் இல்லாத மின்சாரக் கார்களில் இதை மறைக்க வேறு ஒலி இல்லாததால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

எல்லாக் கார்களிலும் ஓரளவு சாலை இரைச்சல் இருக்கும். ஆனால் புதிதாகத் தோன்றும் அல்லது நாளுக்கு நாள் கூடிவரும் இரைச்சல் பெரும்பாலும் ஒரு பழுதின் அறிகுறி ஆகும். தேய்ந்த டயர், பழுதான சக்கர பேரிங், செயலிழந்த ஷாக் அப்சார்பர் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வகை உறுமலைத் தரக்கூடியவை. காரணம் அறியாமல் நான்கு டயர்களையும் மாற்றிய பின்பும் அதே ஒலி தொடர்வது உண்டு. பேரிங் ஒலியை டயர் ஒலி என்று எண்ணி விட்டுவிடுவது அதைவிட ஆபத்தானது. முற்றிலும் பழுதடைந்த பேரிங்கால் சக்கரம் ஆட்டம் காணலாம், இறுகிப்போகலாம், கழன்றுவிடவும் கூடும்.

இரைச்சல் தோன்றும் விதம்

டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்ட ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் அறைந்து எழுகின்றன. இந்த அறைதல் டயரின் உடலை அதிரச் செய்கிறது. கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் சாலையைத் தொடும்போது உள்ளிருக்கும் காற்று நசுங்கி வெளியேறுகிறது; சாலையை விட்டு எழும்போது காற்று மீண்டும் உள்ளே பாய்கிறது. சாலையுடன் ஒட்டியிருக்கும் ரப்பர் கணநேரம் பிடித்து, வழுக்கி, மீண்டும் பிடிப்பதாலும் ஒலி எழுகிறது.

இவ்வாறு எழும் ஒலியைப் பெரிதாக்குவது டயரின் வடிவமே. டயரின் வளைவும் தட்டையான சாலையும் சந்திக்கும் இடத்தில் விரிந்து செல்லும் இடைவெளி உண்டாகிறது. நாகசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசு போல அது ஒலியை வெளியே வீசுகிறது. இதனைக் கொம்பு விளைவு என்பர்.

டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் தனக்கே உரிய ஒரு சுருதியில் ஒலிக்கிறது. 185/65 ஆர்15 அளவு டயரில் உள்ளிருக்கும் காற்று வளையத்தின் சராசரிச் சுற்றளவு ஏறத்தாழ 1.57 மீட்டர். ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 218 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பாலத்தின் இணைப்பிலோ சிறு பள்ளத்திலோ சக்கரம் விழும்போது 'டொய்ங்' என்று கூடைப்பந்து தட்டியது போலக் கேட்கும் ஒலி இதுவே. இது பழுது அன்று.

ஒலி உள்ளே வரும் வழிகள்

ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் அதிர்வாகவே வருகின்றன. டயரிலிருந்து ரிம், சஸ்பென்ஷன், ரப்பர் புஷ்கள் வழியாகக் காரின் தகட்டு உடலை அடைந்து, தரையையும் கூரையையும் பறை போல அதிரச் செய்கின்றன. அதற்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் காற்று வழியாக, கதவு ரப்பர், கண்ணாடி, சக்கர வளைவு ஆகியவற்றைக் கடந்து நுழைகின்றன.

ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியும் பயணிகள் அறையும் ஒரே வெளியாக இருப்பதால் பின்சக்கர ஒலி செடான் கார்களைவிட அதிகமாகக் கேட்கும். மூடிய அறைக்குள் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் உணராது. ஓட்டுநர் முன்பக்கம் என்று நினைக்கும் ஒலி பின்சக்கரத்திலிருந்து வருவது மிகவும் சாதாரணம்.

ஒலியின் தன்மையும் சாத்தியமான காரணமும்

• சாலைக்குச் சாலை மாறும் பொதுவான இரைச்சல்: சாலைப்பரப்பு, டயரின் வகை.
• வேகத்தோடு கூடும் சீரான ஊங்காரம், வளைவில் மாறுவது: சக்கர பேரிங்.
• 'வவ் வவ்' என்று ஏறி இறங்கும் ஒலி: சீரற்றுத் தேய்ந்த டயர்.
• மெதுவாகச் செல்லும்போது எண்ணக்கூடிய 'டிக் டிக்': டயரில் சிக்கிய கல் அல்லது ஆணி.
• 'சர் சர்' என்ற உலோக உரசல்: பிரேக் டிஸ்க்கின் பின்னுள்ள தூசித்தகடு வளைந்திருத்தல், பிரேக் பேட் தேய்ந்திருத்தல்.
• பள்ளங்களில் மட்டும் 'கடகட', 'டொக்': புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி.
• எதிர்க்காற்றில் கூடும் 'உய்ங்' ஒலி: கதவு ரப்பர், கூரைக் கம்பி, பக்கக் கண்ணாடி.

கண்டறியும் முறை

எளிய, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே செல்வது நல்ல முறை. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் கேட்பது பாதுகாப்பானது.

1. காற்றழுத்தம். டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் கதவின் அருகே தூணில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற சோதனைகளைச் செய்வதில் பயனில்லை.

2. சாலை மாற்றச் சோதனை. ஒரே வேகத்தில் பழைய சொரசொரப்பான தார்ச்சாலை, புதிய தார்ச்சாலை, சிமெண்ட் சாலை ஆகியவற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மும்பை-புனே விரைவுச்சாலை போன்ற சிமெண்ட் சாலைகளில் நல்ல டயரும் கூடுதலாக ஒலிக்கும். சாலை மாறியதும் ஒலி தெளிவாக மாறினால் மூலம் டயரும் சாலையும் ஆகும். வழுவழுப்பான புதுச்சாலையிலும் அப்படியே தொடர்ந்தால் பேரிங் அல்லது சீரற்ற தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

3. எஞ்சின் விலக்கல். வாகனங்கள் இல்லாத நேரான சாலையில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காரைத் தானாக உருளவிடலாம். ஒலி மறைந்தால் அது எஞ்சின் அல்லது கியர்பாக்ஸ் சார்ந்தது. ஆட்டோமேட்டிக் கார்களில் ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் ஒலி மாறுகிறதா என்று கவனித்தால் போதும். ஓடும் காரில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கவே கூடாது. பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் உதவி விசை போய்விடும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

4. காற்றொலி விலக்கல். கதவு இடுக்குகள், கண்ணாடி ஓரங்கள், கூரைக் கம்பி இணைப்புகள் ஆகியவற்றின் மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒலி குறைந்தால் நாடாவை ஒவ்வொன்றாக அகற்றி இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

5. வளைவுச் சோதனை. அகலமான வெற்றிடத்தில் மிதமான வேகத்தில் இடமும் வலமும் மெல்லத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது காரின் எடை வலச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது ஊங்காரம் கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தால் வலப்பக்கப் பேரிங் பெரும்பாலும் பழுதாகியிருக்கும்.

6. அழுத்த மாற்றச் சோதனை. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், தற்காலிகமாக 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூட்டி அதே சாலையில் ஓட்ட வேண்டும். டயர் ஒலியாக இருந்தால் அதன் தன்மை மாறும்; பேரிங் ஒலி மாறாது. சோதனை முடிந்ததும் உரிய அளவுக்குக் குறைத்துவிட வேண்டும்.

7. இடமாற்றச் சோதனை. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினால், டயர் ஒலி டயரோடு சேர்ந்து இடம் மாறும். பேரிங் ஒலி இருந்த இடத்திலேயே இருக்கும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களை அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும்.

8. சக்கரத்தைத் தூக்கிச் சோதித்தல். சமதரையில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கால் தூக்கியபின் உறுதியான தாங்கியின் மேல் காரை நிறுத்த வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே மறுகையை சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வைத்தால், பழுதான பேரிங்கின் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரலில் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்துள்ளது.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். டயரை மாற்றி, அலைன்மென்ட்டும் செய்து, அழுத்தத்தையும் கூட்டிவிட்டால் எதனால் ஒலி குறைந்தது என்று தெரியாது.

சக்கரச் சுழற்சிக் கணக்கு

சக்கரத்திலிருந்து வரும் ஒலி, எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தன்றி வண்டியின் வேகத்தைப் பொறுத்தே மாறும். மேற்கூறிய 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். அதன்படி சக்கரம் வினாடிக்குச் சுழலும் எண்ணிக்கை:

மணிக்கு 20 கி.மீ.: 2.8 சுற்று
மணிக்கு 40 கி.மீ.: 5.7 சுற்று
மணிக்கு 60 கி.மீ.: 8.5 சுற்று
மணிக்கு 80 கி.மீ.: 11.4 சுற்று
மணிக்கு 100 கி.மீ.: 14.2 சுற்று

20 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை 'டிக்' என்று கேட்டால், சக்கரத்தின் ஒரே ஓர் இடத்தில் ஏதோ சிக்கியுள்ளது அல்லது வீங்கியுள்ளது. டயரின் சுற்றில் 64 கட்டைகள் இருந்தால், 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 730 ஹெர்ட்ஸில் ஒலி எழும். எல்லாக் கட்டைகளும் ஒரே நீளத்தில் இருந்தால் இது சங்கு ஊதுவது போல ஒரே சுருதியில் ஒலிக்கும். அதனால் தயாரிப்பாளர்கள் கட்டைகளின் நீளத்தை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாக அமைத்து ஒலியைப் பல சுருதிகளில் சிதறவிடுகின்றனர்.

ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் கைபேசிச் செயலிகள் இக்கணக்கைச் சரிபார்க்க உதவும். டெசிபெல் அளவை மட்டும் நம்பக்கூடாது. 3 டெசிபெல் கூடுவது ஒலித்திறன் இரட்டிப்பாவதற்குச் சமம் என்றாலும், காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும்.

தேய்மானத்தை வாசித்தல்

டயரைக் கழற்றி, மேற்பரப்பில் உள்ளங்கையால் சுற்றுவாக்கிலும் குறுக்காகவும் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். தேய்ந்த டயரில் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் இரம்பம் போலவும் இருந்தால், சக்கரங்களின் உட்கோணம் பிசகியுள்ளது. வீல் அலைன்மென்ட் தேவை. ஆங்காங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்து டயர் துள்ளி ஓடியிருக்கிறது. பேலன்சிங் பிசகும் காரணமாகலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அழுத்தம் மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறைவு. ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் பிரேக் இறுகி டயர் இழுபட்டிருக்கலாம். நீண்டநாள் ஒரே இடத்தில் நின்ற காரிலும் தட்டை உண்டாகும். அது பெரும்பாலும் சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும்.

பக்கச்சுவரிலோ மேற்பரப்பிலோ வீக்கம் தெரிந்தால் உள்ளிழைகள் அறுந்துள்ளன என்று பொருள். அந்த டயரில் தொடர்ந்து ஓட்டக்கூடாது.

வயதும் ஒரு காரணம். ரப்பர் நாளடைவில் இறுகுவதால், பள்ளம் மிச்சமிருந்தாலும் பழைய டயர் அதிகமாக ஒலிக்கும். பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

குறைக்கும் வழிகள்

ஷாக் அப்சார்பரையோ அலைன்மென்ட்டையோ சரிசெய்த உடனே ஒலி நின்றுவிடாது. ஏற்கெனவே குழிந்த டயர் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வடிவில் தேயும். எனவே முதலில் பழுது, பிறகு டயர் என்பதே சரியான வரிசை.

கழன்றுபோன சக்கர வளைவு உறை, தரைத்தகட்டில் விழுந்துவிட்ட ரப்பர் மூடிகள், கிழிந்த கதவு ரப்பர் ஆகியவற்றைச் சரிசெய்வது குறைந்த செலவில் பலன் தரும். தகடு அதிர்வைத் தணிக்கும் பியூட்டைல் விரிப்புகளைத் தகட்டின் எல்லா இடத்திலும் ஒட்டத் தேவையில்லை. தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் பகுதிகளில் ஒட்டினால் போதும். இவை அதிர்வைக் குறைக்குமே தவிர, இடுக்கு வழியே நுழையும் ஒலியைத் தடுக்காது.

சில நிறுவனங்கள் உட்புறம் நுரைப்பட்டை ஒட்டிய டயர்களை விற்கின்றன. அவை உள்காற்றின் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்ட ஒலியை முக்கியமாகக் குறைக்கின்றன. பஞ்சர் ஒட்டும்போது துளை உள்ள இடத்தில் நுரையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஹூண்டாய் 2019இல் அறிவித்த முறை போன்ற மின்னணு அமைப்புகள், சக்கர அதிர்வை உணர்ந்து அதற்கு எதிர்க்கட்ட ஒலியை ஒலிபெருக்கி வழியே தந்து தாழ்ந்த இரைச்சலைத் தணிக்கின்றன.

டயர் ஒலி முத்திரை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் டயர்களுக்கு ஒலி அளவைக் காட்டும் முத்திரை கட்டாயம். 2021 மே 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வடிவத்தில் டெசிபெல் அளவுடன் ஏ, பி, சி என்ற தரமும் இருக்கும். இந்தியாவில் டயரின் உருளல் ஒலி, ஈரச்சாலைப் பிடிப்பு, உருளல் தடை ஆகியவற்றுக்கு ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலை உள்ளது.

ஐரோப்பிய முத்திரையில் உள்ள எண், எஞ்சினை அணைத்து உருளும் கார் கடந்து செல்லும்போது சாலையோரத்தில் அளந்த வெளி இரைச்சல் ஆகும். காருக்குள் கேட்கும் ஒலி டயரின் விறைப்பு, சஸ்பென்ஷன், காரின் உடல் ஆகியவற்றையும் பொறுத்தது. ஆகவே முத்திரையில் குறைந்த எண் பெற்ற டயர் எல்லாக் கார்களுக்குள்ளும் அமைதியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. டயர் வாங்கும்போது ஒலியோடு ஈரச்சாலைப் பிடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.