சாவிக் கொத்தும் செருப்பும்

நம் ஊர்ப் பக்கம் ஒருவருக்குக் கால் கை வலிப்பு வந்துவிட்டால், கூடி நிற்போர் முதலில் எழுப்பும் குரல், "இரும்பு எங்கே? சாவிக் கொத்தைக் கொண்டு வா!" என்பதே. சாவி கிடைக்காவிட்டால் கரண்டி, கம்பி, அரிவாள் என எது அகப்பட்டாலும் அதை அவர் கையில் திணித்தாக வேண்டும். திரைப்படங்களும் இக்காட்சியைப் பலமுறை காட்டி நம்மைப் பழக்கிவிட்டன. கல்வியின் பொருட்டு வடநாட்டிற்கு வந்துள்ள நாம் இங்கே வேறொரு காட்சியைக் காண்கிறோம். இவ்வூரார் இந்நோயை 'மிர்கி' என்பர். மிர்கி வந்தவருக்கு இவர்கள் சாவியைத் தேடுவதில்லை. காலில் கிடக்கும் தோல் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடிக்கின்றனர். செருப்பு வேண்டாம் என்பவர் வெங்காயத்தை நசுக்கி முகரச் செய்கின்றனர்.

சென்ற ஆண்டு நம் விடுதியின் உணவுக் கூடத்தில் ஒரு மாணவர் தட்டோடு சாய்ந்து வலிப்பில் துடித்தபோது, இவ்விரு வைத்தியமும் ஒருங்கே நடந்தன. திருநெல்வேலி நண்பர் ஒருவர் தம் சைக்கிள் சாவியையும் பெட்டிச் சாவியையும் சேர்த்து அவர் கையில் திணித்தார். கான்பூர் நண்பர் ஒருவர் செருப்போடு ஓடி வந்தார். இரண்டு நிமிடங்களில் வலிப்பு அடங்கியது. அன்றிரவு இருவரும் வெற்றி தமதே என்று வாதாடியதை விடுதியே கேட்டது. இருவருமே உதவும் உள்ளத்தோடு ஓடி வந்தவர்கள்; அதில் ஐயமில்லை. ஆயினும், வென்றவர் எவர்?

ஒருவரும் அல்லர். வலிப்பு தானே நின்றது. உடல் முழுவதும் விறைத்து வெட்டி இழுக்கும் இவ்வகை வலிப்பு, பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஒருவர் விழுந்ததைக் கண்டு, பதறி, சாவியைத் தேடி, மடங்கிய விரல்களைப் பிரித்து அதைத் திணிப்பதற்கே ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது. திணித்த சற்று நேரத்தில் வலிப்பு நிற்கிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். தனியறையில் நள்ளிரவில் வலிப்பு வந்து, எவர் துணையுமின்றி அது நின்று, காலையில் நாக்குக் கடிபட்டிருப்பதைக் கண்டே செய்தியை அறிவோரும் உண்டு. அவர் கையில் சாவி கொடுத்தவர் யார்? இரும்புதான் மருந்து என்றால் வடக்கே வலிப்பு நிற்கக் கூடாது. செருப்புதான் மருந்து என்றால் தெற்கே நிற்கக் கூடாது. இரண்டு இடத்திலும் அதே அளவு நேரத்தில் நிற்கிறது. ஆய்வுக் கூடத்தில் நாம் செய்யும் ஒப்புநோக்குச் சோதனையை விந்திய மலையின் இருபுறமும் மக்கள் தாமே செய்து வைத்திருக்கின்றனர். முடிவைப் படிப்பார்தாம் இல்லை!

பாமரர் நம்பிக்கையைவிடப் படித்தவர் அதற்குச் சொல்லும் விளக்கமே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. "வலிப்பு என்பது மூளையில் மின்சாரம் மிகுவதால் வருவது, இரும்பு மின்கடத்தி, ஆகவே அது மின்சாரத்தை இழுத்துக்கொள்கிறது, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்பர். நான் பௌதிகம் பயில்பவன், மருத்துவன் அல்லேன். ஆயினும் இவ்விளக்கம் என் துறையின் பெயரால் வருவதால் விடை சொல்லும் கடமை எனக்குண்டு.

இவ்விளக்கத்தின் முற்பாதி உண்மைதான். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சோடியம், பொட்டாசியம் முதலியவற்றின் அயனிகள் அணுக்களின் மெல்லிய சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதால் அவற்றில் மின் துடிப்புகள் எழுகின்றன. சந்தைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பேச்சைப் பேசுவதுபோல, இவ்வணுக்களும் தத்தம் வேலையைத் தனித்தனியே பார்க்கின்றன. வலிப்பின்போது பெருங்கூட்டமான அணுக்கள் ஒரே தாளத்தில் ஒன்றாகக் கூச்சலிடத் தொடங்குகின்றன. அக்கூச்சல் தசைகளை ஆளும் பகுதியை எட்டும்போது கையும் காலும் வெட்டி இழுக்கின்றன. செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அம்முறையே இன்றும் வலிப்பு நோயை ஆராயப் பயன்படுகிறது.

பிற்பாதியோ முழுப் பொய். தலையின் மேல் தோலில் அளக்கப்படும் இம்மின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவே இருக்கும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் மைக்ரோவோல்ட். வலிப்பின்போது இது பல மடங்கு உயர்ந்தாலும், டார்ச்சு விளக்கின் மின்கலத்திலுள்ள 1.5 வோல்ட்டின் அருகே கூட வராது. மேலும் மின்னோட்டம் பாயச் சுற்று முழுமை பெறவேண்டும். மூளையின் அயனி ஓட்டங்களோ மூளைக்குள்ளேயே தம் சுற்றை முடித்துக்கொள்கின்றன. தோள் வழியே இறங்கி உள்ளங்கைக்கு வந்து சாவிக்குள் புகுவதற்கு அங்கே வழியும் இல்லை, வேலையும் இல்லை. இரும்பு வலிப்பைத் தடுக்குமென்றால், இரும்புக் கட்டிலில் உறங்கும் நம் விடுதி மாணவர் எவருக்கும் வலிப்பே வரக்கூடாது அன்றோ?

"போகட்டும், சாவியால் நன்மை இல்லையென்றாலும் தீமை என்ன?" என்று கேட்கலாம். வெட்டி இழுக்கும் கையிலுள்ள கூரிய பொருள் அவர் முகத்தையே கிழிக்கக்கூடும். செருப்பை மூக்கில் அழுத்தினால் முன்பே திணறும் மூச்சு மேலும் திணறும். அதனினும் பெரிய தீமை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் எல்லாரும் சாவி தேடுவதே.

செய்ய வேண்டியவை மிக எளியவை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு தொடங்கிய நேரத்தை அறிவது முக்கியம். நாற்காலி, மேசை, சூடான குழம்புப் பாத்திரம் ஆகியவற்றை அப்பால் நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டையோ சட்டையையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். துடிப்பு குறைந்ததும் அவரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால், வாயில் ஊறிய எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு சீராகும். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் தோள் மூட்டு நழுவலாம், வலிப்பு நிற்காது. நாக்கை விழுங்கிவிடுவார் என்றஞ்சிக் கரண்டியை வாய்க்குள் செலுத்துவோர் உளர். நாக்கு வாயின் அடித்தளத்தோடு இணைந்தது. அதை எவராலும் விழுங்க இயலாது. கரண்டியால் பல் உடையும். விரலை விட்டால் விரல் போகும். முழு நினைவு திரும்பும் முன் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகலாம்.

வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீண்டாலும், நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலும், அவருக்கு வாழ்வில் இதுவே முதல் வலிப்பானாலும், அடிபட்டிருந்தாலும், நீருக்குள் வந்தாலும், கருவுற்ற பெண்ணாயினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற வேளைகளில் ஒருவர் அருகிலிருந்து, தெளிந்ததும் நடந்ததை மெல்லச் சொன்னால் போதும். விழித்தவுடன் தம்மைச் சுற்றி ஐம்பது முகங்களைக் காண்பதைப் போன்ற கூச்சம் வேறில்லை. ஆகவே கூட்டத்தைக் கலைப்பதும் ஒரு முதலுதவியே. கைப்பேசியில் படம் பிடிப்பதானால் மருத்துவரிடம் காட்ட அது உதவும். பிறர்க்கு அனுப்பி வேடிக்கை பார்ப்பதற்கன்று.

இந்நோயைப் பேயின் செயல் என்றும் தெய்வக் குற்றம் என்றும் உலகெங்கும் எண்ணினர். பழந்தமிழில் இதற்கு முயலகன் என்றும் பெயருண்டு. கூத்தப்பிரான் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்தின் பெயரும் அதுவே. கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்த வரலாற்றை நாமறிவோம். வலிப்பைக் கண்டு அஞ்சியோர் அதற்கொரு காரணம் கற்பித்தது இயல்பே. வீழ்வோர் முதலில் எழுப்பும் அந்த அலறல்கூட வலியால் அன்று; நெஞ்சின் தசைகள் திடீரென இறுகி, மூச்சுக்காற்று குரல்வளை வழியே பீறிடும் ஓசையே அது. நுரை என்பது விழுங்கப்படாத எச்சில். எச்சிலால் இந்நோய் பிறர்க்குத் தொற்றாது.

நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதைச் சுற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கிக் கட்டியாவதால் பலருக்கு வலிப்பு வருகிறது. "புலால் உண்ணாதார்க்கு இது வராது" என்பர் சிலர். வரும்! சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்டவரின் குடலில் வளர்வது முழுப் புழு. மூளைக்குச் செல்வதோ அப்புழுவின் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு. அம்முட்டைகள் புழுவுடையவரின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, அசுத்தமான நீர், கழுவாத கீரை, காய் வழியே எவர் வயிற்றிலும் புகலாம். வாழ்நாளில் இறைச்சியைத் தொடாதவரும் இதற்கு ஆளாகின்றனர். நம் உணவுக் கூடத்தில் சமைப்போரும் பரிமாறுவோரும் சோப்பிட்டுக் கை கழுவுகின்றனரா என்பதை, சாம்பாரின் சுவையைப் பற்றி நாம் காட்டும் அக்கறையில் பாதியளவேனும் கவனித்தல் நலம்.

ஒருமுறை வலிப்பு வந்த அனைவரும் வலிப்பு நோயாளர் அல்லர். உலக மக்களில் பத்தில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் வலிப்புறலாம் என்பர். நோய் உடையோர் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர். முறையான சிகிச்சை பெற்றால் அவர்களுள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டால் போன்ற மலிவான மருந்துகள் இன்றும் உண்டு. மருந்து இருந்தும் மறைப்பே மிகுதியாயிருப்பதற்குத் திருமணப் பேச்சு ஒரு காரணம். இந்து திருமணச் சட்டத்திலேயே திருமணத்திற்குத் தடையாக 'வலிப்பு நோய்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. பெண் பார்க்கச் செல்வோர் பலருக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும். மாத்திரையை அலமாரிக்குள் ஒளித்துவைத்து, விருந்தினர் வந்த நாளில் விழுங்காமல் விட்டுவிடும் வீடுகளும் உள்ளன.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர்க்கும் இதில் ஓர் இடர் உண்டு. இரண்டு இரவு ரயில் பயணத்தில் உறக்கம் கெடுகிறது. மாத்திரை பெட்டியின் அடியில், பெட்டி இருக்கையின் அடியில், அதன்மேல் மூன்று பேரின் மூட்டைகள். உறக்கக் குறைவும் மாத்திரைத் தவறுதலும் வலிப்பை வரவழைக்கும் இரு பெருங்காரணங்கள். இந்நோய்க்கு மருந்துண்ணும் நண்பர் பயணத்திற்கான மாத்திரைகளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கீழ்ப் படுக்கையைக் கேட்டுப் பெறட்டும். உடன் செல்லும் ஒருவரிடமேனும் செய்தியைச் சொல்லி வைக்கட்டும். அப்படிச் சொல்லப்பட்ட நண்பர், பெட்டிச் சாவியைத் தேடாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.