விளக்கு எரிந்தும் எஞ்சின் கிளம்பாதது ஏன்?

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றை ஒலி மட்டும் கேட்டு எஞ்சின் அசையாதிருக்க, முகப்பு விளக்குகளோ பிரகாசமாக எரிவதைக் கண்டு, பாட்டரியில் குற்றமில்லை என்று உடனே நிச்சயித்துவிடுவது பலருடைய சுபாவம். அந்த அனுமானம் சரியன்று. விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தையே கேட்கின்றன. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் புகுத்தி, மணிக்கட்டை முறிக்கவல்ல கைச்சுழற்றியின் அபாயத்திலிருந்து மக்களைக் காத்த அந்த ஸ்டார்ட்டர் மோட்டாரோ, சிலிண்டரில் அடைபட்ட காற்றின் எதிர்ப்பையும் குளிர்ந்த எண்ணெயின் பிசுபிசுப்பையும் வெல்ல வேண்டியிருப்பதால், 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது.

பாட்டரி முனைகளில் வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பு, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கினாலும், 150 ஆம்பியர் பாயும்போது, பாட்டரியின் 12 வோல்ட்டில் 1.5 வோல்ட் அங்கேயே விரயமாகிவிடும். விளக்குகளின் அற்ப மின்னோட்டத்திலோ அந்த நஷ்டம் 0.1 வோல்ட்டைக்கூட எட்டாது. இந்தச் சிறு கணக்கை வாகனம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆகையால் விளக்கை எரியவிட்டபடியே சாவியைத் திருப்பிப் பார்ப்பது உத்தமமான பரீட்சை: ஒளி மிகவும் மங்கினால் பாட்டரியையோ அதன் இணைப்பையோ கவனிக்க வேண்டும், மங்காவிட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சாகிய சோலினாய்டு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றின்மேல் செல்லும். எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால், எரிபொருளையோ தீப்பொறியையோ ஆராய வேண்டும்.

உப்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முனையே முதலில், ஏனெனில் பாசிட்டிவ் முனையைத் திருகும் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால், நெகட்டிவ் இணைப்பு இருக்கும்வரை, பெரும் பொறி பறக்கும்.